கார்பெட்டின் துப்பாக்கி: தவறிய ஒரு குறியும் 436 உயிர்களும்

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லை புதிதன்று. செம்பனைக் கன்றை வேரோடு கிளறிப் போடும் பன்றியை விரட்ட, உரிமம் உள்ளவர் துப்பாக்கியோடு வருவதைத் தோட்டத்து மக்கள் பார்த்திருக்கிறார்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கியைப் பற்றிப் பெருமையாகப் பேசும் குடும்பங்களும் உண்டு. பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்துவிட்டால், இன்று முதலில் எழும் கேள்வி அதன்மேல் ஒரு ஸ்கோப் மாட்டலாமா என்பதுதான்.

தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் அந்தக் கண்ணாடிக் குழாய் இல்லாமலேயே உலகப் புகழ்பெற்ற வேட்டைக்காரர் ஒருவர் இருந்தார். ஜிம் கார்பெட். அவருக்கும் இந்த மண்ணுக்கும் ஓர் உறவும் உண்டு. 1968-இல் விலங்கியலாளர் விராட்டிஸ்லாவ் மசாக், தென்கிழக்காசியப் புலிகளைத் தனி வகையாகப் பிரித்து, கார்பெட்டின் நினைவாகக் கார்பெட்டி என்று பெயரிட்டார். மலாயாக் காட்டுப் புலியும் அந்தப் பெயருக்குள் அடங்கியது. 2004-இல் மரபணு ஆய்வு நம் புலியைத் தனி வகையாகக் காட்டி ஜாக்சோனி என்ற பெயரைக் கொடுக்கும் வரை, 36 ஆண்டுகள் மலேசியப் புலி கார்பெட்டின் பெயரைத்தான் சுமந்தது.

கம்பி கட்டிய துப்பாக்கி

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25-ஆம் நாள், இமயமலை அடிவாரத்தில் உள்ள நைனிதால் நகரில் பிறந்தார். தந்தை அவ்வூர் அஞ்சல் நிலைய அதிகாரி. பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். ஜிம் சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்துவிட, மூத்த அண்ணன் டாம் வீட்டுப் பொறுப்பை ஏற்றார். காட்டை முதலில் காட்டிக் கொடுத்தவரும் அவரே. குளிர்காலத்தில் குடும்பம் மலையிறங்கிக் காலாதூங்கியில் தங்கும். வீட்டைத் தாண்டினால் காடு.

ஜிம்முக்கு முதலில் கிடைத்தது உறவினர் ஒருவர் கொடுத்த இரட்டைக்குழல் துப்பாக்கி. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகை. அதன் வலக்குழல் பிளந்திருந்தது. கட்டையும் குழலும் பிரிந்துவிடாமல் பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஆக, சுடத் தகுந்தது ஒரே குழல். ஒருமுறை சுட்டால் மீண்டும் கெட்டிக்க நேரமாகும். தவறவிட்டால் இரண்டாம் வாய்ப்பு இல்லை. காலடித் தடம் பார்த்து, குரங்கும் மானும் பறவையும் எழுப்பும் அபாயக் குரல் கேட்டு, மிக அருகில் சென்ற பிறகே சுடும் பழக்கம் அங்கே வந்தது. சற்று வளர்ந்ததும் பள்ளித் தொண்டர் படையிலிருந்து மார்ட்டினி ரைபிள் ஒன்றை இரவல் வாங்கித் தம் முதல் சிறுத்தையைச் சுட்டார்.

தொழிலாளரோடு

குடும்ப வருமானம் போதாததால், பதினெட்டு வயதை எட்டும் முன்பே படிப்பை விட்டு ரயில்வே வேலைக்குப் போனார். பிறகு பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மொகாமே காட் என்ற இடத்தில், ஆற்றைக் கடக்கும் சரக்குகளை ஏற்றி இறக்கும் குத்தகை அவருக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் அங்கேதான் கழிந்தன.

கங்காணி முறையை அறிந்த தோட்டத்து மக்களுக்கு அந்த வேலையின் தன்மை விளங்கும். ஆள் பிடிப்பதும் கூலி கொடுப்பதும் குத்தகைக்காரரின் பொறுப்பு. தொடக்க மாதங்களில் ரயில்வேயிடமிருந்து பணம் வரத் தாமதமானது. கூலியில்லாமலேயே தொழிலாளர்கள் உழைத்தார்கள். கார்பெட்டும் அவர்களோடு சேர்ந்து மூட்டை சுமந்தார், அவர்களைப் போலவே வயிற்றைக் கட்டினார். பணம் வந்த நாளில் முதலில் அவர்களுக்குக் கொடுத்தார். நிலைய அதிகாரி ராம் சரணுடன் சேர்ந்து தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தொடங்கினார். ஒரே கட்டடத்துக்குள் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்காரக் கூடாது என்ற தடை வந்தது. சுவர்களை எடுத்துவிட்டால் அது கட்டடமாகாது, வெறும் கொட்டகைதான் என்று ராம் சரண் வழி கண்டார். பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள்.

1917-இல் குமாவோன் மலை மக்கள் 500 பேரைத் திரட்டி, தொழிலாளர் படையாகப் பிரான்ஸ் போர்முனைக்கு அழைத்துச் சென்றார். ஒருவரைத் தவிர மற்ற அனைவரையும் உயிரோடு ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்.

புலியை ஆட்கொல்லி ஆக்கியது எது?

கார்பெட்டின் பெயர் பரவியது 1907-இல். நேபாளத்தில் 200 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட ஒரு பெண்புலி, அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாவோனுக்குள் நுழைந்தது. நான்கு ஆண்டுகளில் இன்னும் 236 பேர். மொத்தம் 436. சம்பாவத் வட்டாரத்தில் பட்டப்பகலில்கூடக் கதவைத் திறக்க மக்கள் அஞ்சினார்கள்.

ஊர்மக்கள் 298 பேரைத் திரட்டி, மலைச்சரிவில் ஓசை எழுப்பிப் புலியைக் கிளப்பினார் கார்பெட். அவரிடம் இருந்த தோட்டாக்கள் மூன்றே மூன்று. மூன்றும் தீர்ந்தன. அடிபட்ட புலி பாறைமேல் நின்றது. ஓடிப்போய்த் தாசில்தார் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி வந்தார். புலியை நெருங்கிய பிறகுதான் அதைக் கவனித்தார்: குழலுக்கும் பின்பகுதிக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. வெடித்தால் சுடுபவர் கண்ணே போகலாம். வேறு வழியில்லை. ஏறத்தாழ இருபது அடி தூரத்தில், புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு வாயில் படவில்லை. முன்னங்காலில் பட்டது. முந்தைய காயங்களால் ஏற்கெனவே சாகும் நிலையில் இருந்ததால் புலி அப்படியே சாய்ந்தது.

இருபது அடியில் வாய்க்கு வைத்த குறி காலில் படும் என்றால் அந்தத் துப்பாக்கியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய செய்தி புலியின் வாய்க்குள் இருந்தது. வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியாகவும், கீழ்க் கோரைப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருந்தன. என்றோ யாரோ சுட்ட குண்டு அது. உயிரையும் எடுக்கவில்லை, சும்மாவும் விடவில்லை. மானையும் பன்றியையும் கடித்துக் கொல்ல முடியாமல் போன புலி, எளிதில் கிடைத்த மனிதரைத் தேடியது. ஒருவர் தவறவிட்ட குறிக்கு 436 குடும்பங்கள் விலை கொடுத்தன.

புலி இயல்பாகவே மனிதரைத் தின்பதில்லை, காயமோ முள்ளம்பன்றி முள்ளோ முதுமையோதான் அதை அந்த நிலைக்குத் தள்ளுகிறது என்று கார்பெட் வாழ்நாள் முழுவதும் எழுதியும் பேசியும் வந்ததற்கு அடித்தளம் இதுவே.

ரிக்பி வந்தது

சம்பாவத் புலியை வீழ்த்தியதற்காக ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட், லண்டன் ஜான் ரிக்பி நிறுவனத்தின் ரைபிள் ஒன்றைக் கார்பெட்டுக்குப் பரிசளித்தார். தாசில்தாருக்கும் ஒரு துப்பாக்கி கிடைத்தது. பெயர் பொறித்த அந்தத் துப்பாக்கி அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் போற்றப்படும் என்று கார்பெட் எழுதி வைத்தார்.

கார்பெட்டின் ரிக்பி, ஜெர்மானிய மௌசர் இயங்குமுறையில் செய்யப்பட்டது. குழல் விட்டம் 7 மில்லிமீட்டர், ஆங்கிலேயர் வழக்கில்.275. கனமில்லாதது, நாள் முழுதும் மலையேறினாலும் கை வலிக்காதது. குழலின் முனையில் ஒரு சிறு குமிழ், பின்னால் ஒரு வெட்டு. இரண்டையும் கண்ணால் நேராக்கிச் சுடவேண்டும். ஸ்கோப் இல்லை.

அந்தக் காலத்தில் ஸ்கோப் இல்லாமல் இல்லை. முதல் உலகப்போரில் மறைந்திருந்து சுடும் வீரர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் பழைய மௌசர் ரைபிளில் அதைப் பொருத்துவது நினைப்பதுபோல் எளிதன்று. தோட்டா மாற்றக் கைப்பிடியை மேலே தூக்கவேண்டும். தாழ்வாகப் பொருத்திய ஸ்கோப்பில் அது இடிக்கும். பின்புறத்தில் இறக்கைபோல் மேலெழும் பாதுகாப்புப் பூட்டும் தடைபடும். கைப்பிடியை வளைக்கவேண்டும், பூட்டை மாற்றவேண்டும், எஃகு உடலில் துளை போட்டுத் திருகு பொருத்தவேண்டும். போட்ட துளையை மறைக்கமுடியாது, பழம்பொருள் மதிப்பும் போய்விடும். கட்டையும் திறந்த குறிக்கு ஏற்ற உயரத்தில் செதுக்கியது. ஸ்கோப் உயரத்தில் இருப்பதால் கன்னம் கட்டையில் படியாது, தலையைத் தூக்கிப் பார்க்க நேரும், குறி ஆடும்.

எல்லாம் சரியாகப் பொருந்தினாலும் வேலை முடிவதில்லை. கண் பார்க்கும் கோடு ஸ்கோப் வழியே மேலே செல்கிறது, குண்டு அதற்குக் கீழே குழல் வழியே செல்கிறது. இரண்டும் எந்தத் தூரத்தில் சந்திக்கவேண்டும் என்று முடிவு செய்து, அனுமதி உள்ள சுடுகளத்தில் காகித இலக்கில் சுட்டுப் பார்த்துத் திருத்தவேண்டும். சுடும் அதிர்ச்சியில் திருகு தளரும். நம் நாட்டு ஈரக்காற்றில் மரக்கட்டை ஊதிக் குழலை அழுத்தினாலும் குறி மாறும். சரிபார்க்காத ஸ்கோப், தாசில்தார் துப்பாக்கியைப் போன்றதே. வாயைக் காட்டும், காலில் அடிக்கும்.

எட்டடித் தூரம்

கார்பெட்டின் வேட்டை பெரும்பாலும் புதருக்குள், மிக அருகில் நடந்தது. 1930 ஏப்ரலில் சௌகர் வட்டாரத்தில் 64 பேர் உயிரைக் குடித்த பெண்புலியைத் தேடி ஓடைவழியே இறங்கினார். வழியில் பக்கிப் பறவையின் முட்டைகள் இரண்டைக் கண்டார். பறவை முட்டை சேர்ப்பது அவர் பழக்கம். முட்டைகளை இடக்கையில் பொத்திக்கொண்டு, வலக்கையில் ரிக்பியோடு ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியபோது, எட்டடித் தூரத்தில் புலி படுத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

வேகமாக அசைந்தால் பாயும். கார்பெட் ஒரே கையால் துப்பாக்கியை மெல்ல மெல்லச் சுழற்றினார். நேரம் நின்றுவிட்டதுபோல் இருந்த அந்தச் சில நொடிகளில் குழல் முக்கால் வட்டம் சுற்றிப் புலியை நோக்கியது. ஒரே வெடி. புலி அசையவில்லை. இடக்கையிலும் முட்டைகள் உடையவில்லை. திரும்பும் வழியில் அவற்றை எடுத்த இடத்திலேயே வைத்தார். சற்று நேரத்தில் தாய்ப்பறவை வந்து அடைகாத்தது.

எட்டடியில் ஸ்கோப் வழியே பார்த்தால் மங்கலான மயிர்தான் தெரியும். எடை கூடிய துப்பாக்கியை ஒரு கையால் சுழற்றவும் முடியாது. அன்று அவரைக் காப்பாற்றியது இலேசான துப்பாக்கியும் பதறாத கையும்.

இருட்டுக்கு வெளிச்சம்

ஆனால் கருவியே வேண்டாம் என்று இருந்தவர் அல்லர் கார்பெட். ருத்ரபிரயாக் சிறுத்தை அதற்குச் சான்று. கேதார்நாத், பத்ரிநாத் செல்லும் யாத்திரிகர் வழியில் எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்ற அந்தச் சிறுத்தை, இரவில் மட்டுமே வந்தது. விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு அந்த இருட்டு எப்படிப்பட்டது என்று தெரியும்.

ஓர் இரவு கார்பெட்டும் நண்பர் இபட்சனும் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு நடந்தபோது, விளக்கு பாறையில் இடித்து மேண்டில் உதிர்ந்தது. சிறுத்தை பின்தொடரும் வழியில் இருட்டில் தட்டுத்தடுமாறிக் கிராமத்து வீடு ஒன்றில் ஒதுங்கினார்கள். கார்பெட் மின்விளக்கைத் துப்பாக்கியோடு பொருத்தினார். வெளிச்சம் விழும் இடமும் குண்டு விழும் இடமும் ஒன்றாக அமையும்படி செய்தார்.

1926 மே மாதத் தொடக்கத்தில் குலாப்ராய் என்ற இடத்தில், யாத்திரிகர் தங்குமிடம் அருகே மாமரத்தில் பல இரவுகள் காத்திருந்தார். கீழே ஓர் ஆடு, அதன் கழுத்தில் மணி. இரவு பத்து மணி வாக்கில் ஏதோ பாய்ந்துவரும் ஓசை. மணி பலமாக ஒலித்தது. விளக்கை அழுத்தினார். வெளிச்சம் சிறுத்தையின் தோளில் விழுந்தது, குறியும் அங்கேயே இருந்தது. விசையை இழுத்தார். அந்த நொடியில் விளக்கு அணைந்தது. அடிபட்டதா, தப்பியதா என்று தெரியாமல் விடியும்வரை மரத்திலேயே உட்கார்ந்திருந்தார். விடிந்தபின் சற்றுக் கீழே சிறுத்தை இறந்து கிடந்தது.

ஸ்கோப்புக்குப் பதில் கேமரா

கார்பெட்டை வெறும் காவலராக மட்டும் காட்டுவது முழு உண்மையாகாது. ஆங்கிலேய ஆட்சியில் உயர் அதிகாரிகளுக்கும் வைஸ்ராய்க்கும் வேட்டை ஏற்பாடு செய்து கொடுத்தவர் அவர். விளையாட்டுக்காகவும் சுட்டவர். ஆனால் 1920-களுக்குப் பிறகு மனம் மாறத் தொடங்கியது. வன அதிகாரி சாம்பியன் எடுத்த புலிப் படங்கள் அவரை ஈர்த்தன. சினிமா கேமராவை வாங்கி, ஓடைக்கரையில் மறைந்து உட்கார்ந்து புலிகளைப் படமெடுத்தார். ரைபிளின்மேல் மாட்டாத கண்ணாடி வில்லையைக் கடைசியில் கேமராவில்தான் அவர் மாட்டினார்.

1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா, ஹெய்லி தேசியப் பூங்கா என்ற பெயரில் அமைந்தபோது அதற்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். 1938-இல் தாக் வட்டாரத்து ஆட்கொல்லியோடு மனிதரைக் கொல்லும் புலிகளைத் தேடிப் போவதை நிறுத்திக்கொண்டார். அப்போது வயது 63. இரண்டாம் உலகப்போரில் காட்டுப் போருக்கு வீரர்களைப் பழக்கினார். 1944-இல் வெளிவந்த குமாவோன் ஆட்கொல்லிகள் பற்றிய அவர் நூல் உலகெங்கும் விற்றது, தமிழிலும் வந்தது.

யாருக்கு விட்டுச் செல்வது?

1947 இறுதியில் கார்பெட்டும் அக்காள் மேகியும் கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். திருமணம் செய்யாதவர், பிள்ளைகள் இல்லை. துப்பாக்கிகளை என்ன செய்வது? மூன்று ரைபிள்களையும் இரண்டு துப்பாக்கிகளையும் காட்டுக்குள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். யார் கையில் போகும், எதைச் சுடும் என்று தெரியாமல் விட்டுச் செல்ல அவர் விரும்பவில்லை போலும்.

ஒரு துப்பாக்கியை மட்டும், தாம் உருவாக்கிய சோட்டி ஹல்த்வானி கிராமத்துக்குக் கொடுத்திருந்தார், பயிரைக் காட்டு விலங்குகளிடமிருந்து காக்க. அது அந்த ஊர்க் குடும்பம் ஒன்றில் தலைமுறை தாண்டியும் இருக்கிறது. பன்றி புகாதிருக்க ஊரைச் சுற்றி அவர் கட்டிய கல் மதிலும் நிற்கிறது. நிலத்தைக் குடியானவர்களுக்கே விட்டுக்கொடுத்தார்.

1955 ஏப்ரல் 19-ஆம் நாள் கென்யாவின் நையேரியில் கார்பெட் காலமானார். பின்னர், முதல் தேசியப் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ரிக்பி ரைபிள் அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு பதிப்பகத்திடம் நெடுங்காலம் இருந்தது. 2015-இல் அதைச் செய்த நிறுவனமே திரும்ப வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு காலாதூங்கிக்குக் கொண்டுவந்து ஊர்மக்களுக்குக் காட்டினார்கள். நூறு ஆண்டுகளுக்குமேல் கடந்தும் அதே திறந்த குறியோடு இருக்கிறது அது.

மலேசியாவில் துப்பாக்கி, நகைபோலத் தானாக வாரிசுக்கு வந்துவிடுவதில்லை. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். பழுது பார்ப்பதும் மாற்றம் செய்வதும் உரிமம் பெற்றவரிடமே. அதையெல்லாம் முடித்து ஸ்கோப் மாட்டுபவர்கள், காட்டுப்பன்றியை நோக்கி அதைத் திருப்புமுன் காகிதத்தில் சுட்டுப் பார்ப்பது நல்லது. காயம்பட்ட பன்றி மறுநாள் விடியலில் செம்பனைக் குலை வெட்டப் போகிறவர்மேல்தான் பாயும்.

ஒருகாலத்தில் கார்பெட்டின் பெயரைச் சுமந்த மலாயாப் புலி, 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. அவற்றைத் தேடிக் காட்டில் இன்று மரங்களில் பொருத்தப்படுவது, கார்பெட் கடைசியில் கையில் எடுத்த அதே கருவி: கேமரா.